ஃபாரிங்டனில் தயாரான தேர்தல் வாசகம்

லண்டனுக்கு வந்து ஆறு வருடமாக என் பிரெஞ்சு எந்தப் பிரயோசனமும் இல்லாமல் கிடந்தது. அதற்கென்று ஒரு வேலை கிடைத்தபோது நான் துள்ளிக் குதிக்காத குறை.

பாரிஸில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று கிழக்கு லண்டனில் உள்ள ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கணவர் வந்த மறுமாதமே ஒரு மரக்கறிக் கடைக்கு வான் ஓட்டப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடக் கன்டீன், முதியோர் இல்லச் சமையலறை, மருந்துக்கடை என்று மாறி மாறி ஷிப்ட் செய்தேன். எதிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. "உமக்குக் காலிலை சில்லுப் பூட்டியிருக்கு, உருண்டுகொண்டே இருப்பீர்" என்பார் கணவர்.

என் பிரெஞ்சு வகுப்பில் படித்தது அல்ல. பாரிஸில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலையில் என்னோடு நின்றவர்கள் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள். அவர்கள் கதைத்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்த மொழி வந்தது. அவர்களுடைய இழுவையும் பகிடியும் சேர்ந்தே வந்தன. அங்கே அதற்காக என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இங்கே அதுவே எனக்கு வேலை எடுத்துத் தந்தது.

ஒரு ஏஜென்சி மூலம் வந்த வேலை. மத்திய லண்டனில், ஃபாரிங்டனில், ஒரு சாண்ட்விச் கடைக்கு மேலே இரண்டு மாடி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு குரல் பதிவுகளைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்ய வேண்டும். பதிவுகள் ஒரு மேற்கு ஆப்பிரிக்க நாட்டிலிருந்து வந்தவை. நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. வெளியில் எதுவும் சொல்லமாட்டேன் என்று முதல் நாளே கையெழுத்து வைத்தேன். அந்தக் கையெழுத்தைப் பிறகு எவ்வளவு மதித்தேன் என்பது இதில் வரும். ஆனாலும் பெயரை எழுதினால் அங்கே இருக்கும் சிலருக்கு இடைஞ்சல் வரலாம்.

அந்த அலுவலகத்தின் தொழில் தேர்தல். தங்கள் நாட்டுத் தேர்தலில் வெல்ல நினைக்கும் கட்சிகள் லண்டனில் உள்ள இப்படியான அலுவலகங்களிடம் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அந்த நாட்டின் ஊர்களில் எட்டுப் பேர் பத்துப் பேராக மக்களை உட்காரவைத்து ஒருவர் கேள்வி கேட்பார். பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? யாரை நம்புகிறீர்கள்? எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? அதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். பிரெஞ்சு படித்துப் பட்டம் பெற்ற இளம் பிள்ளைகள் அங்கே மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பேச்சு அவர்களுக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது.

முதல் சில வாரங்கள் சந்தோசமாகத்தான் இருந்தேன். காதுக்குள் சேவல் கூவும், மோட்டார் சைக்கிள் போகும், யாரோ குழந்தையை அதட்டுவார்கள். பாரிஸில் என்னோடு வேலை செய்த பெண்கள் எல்லோரும் திரும்பி வந்து கதைப்பதுபோல் இருந்தது.

இன்னொரு விசயமும் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி அதே நாட்டைச் சேர்ந்தவர். ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்தார். என்னைவிட நான்கைந்து வயது கூட. இரண்டு பேருமாக கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் போய் மரவள்ளிக்கிழங்கு வாங்குவோம். அதை எப்படி அவிப்பது என்று வழியெல்லாம் சண்டை பிடிப்போம். எங்களுக்குள் பிரெஞ்சுதான். அவர் சொன்னவற்றை இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன். முதலில் 'நீங்கள்' என்று பேசிக்கொண்டவர்கள் இரண்டு வருடத்தில் 'நீர்' என்று பேசும் அளவுக்கு வந்திருந்தோம். ஆனாலும் புது வேலை என்னவென்று அவரிடம் நான் சொல்லவில்லை. "டைப் அடிக்கிற வேலை" என்றேன். கையெழுத்து வைத்துவிட்டேனே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் துறைமுக நகரத்துச் சந்தைப் பெண்களின் பதிவு வந்தது. அந்த நாட்டில் உள்நாட்டு வறண்ட பகுதியிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னரே துறைமுக நகரத்துக்கு வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பற்றிக் கேட்டபோது ஒரு மீன்காரப் பெண் சொன்னார்:

"அவையள் ஒரு பாயோடை வந்தவை. இருங்கோ எண்டு சொன்னம். இப்ப எங்களுக்கு இருக்க இடமில்லை. இனிப் பாயைச் சுருட்டுங்கோ எண்டு சொல்லத்தான் வேணும்."

உடனே இன்னொரு பெண், அவரும் அப்படி வந்த குடும்பம்தான், திருப்பிக் கொடுத்தார்: "என்ரை பாயைச் சுருட்டினால் உன்ரை நாறல் மீனை ஆரடி வாங்கிறது?"

பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மீன்காரியின் சிரிப்புத்தான் அடங்க நேரம் எடுத்தது. நானும் ஹெட்போனுக்குள் தனியாகச் சிரித்தேன். எல்லாவற்றையும் அப்படியே எழுதி, அடைப்புக்குறிக்குள் 'எல்லோரும் சிரிக்கிறார்கள்' என்றும் போட்டேன்.

மறுநாள் அலுவலகத்தின் தலைவர் என் மேசைக்கு வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆங்கிலேயர். ஒருபோதும் குரலை உயர்த்தாதவர், எங்களுக்குத் தேநீர்கூடத் தன் கையால் போட்டுத் தருவார்.

"இந்தப் பாய் விசயம் என்ன? இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கமாகச் சொன்னேன். விருந்தாளிக்குத்தான் பாய் விரிப்பார்கள். சுருட்டு என்றால் எழும்பிப் போ என்று அர்த்தம். அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. ஆனால் அதைவிடக் கடுமையாக ஒருவரைப் போகச் சொல்லவும் ஏலாது. மூன்று தலைமுறை இருந்தாலும் நீ விருந்தாளிதான் என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

அவர் வெள்ளைப் பலகைக்குப் போய் அதைப் பெரிதாக எழுதினார். "இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்" என்றார். அன்றைக்கு என் தேநீருக்கு ஒரு பிஸ்கட்டும் சேர்ந்து வந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதையும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நாட்டின் அமைச்சர் ஒருவர் வந்தார். எங்கள் அலுவலகத்துக்கு வேலை கொடுத்திருந்த ஆளுங்கட்சியின் ஆள். அவரோடு ஐரோப்பிய ஆலோசகர் ஒருவரும் வந்தார். துறைமுகத்தை நீண்ட காலத்துக்கு எடுத்து நடத்த விரும்பும் ஒரு நிறுவனத்துக்கும் அவர்தான் ஆலோசகர் என்று பேச்சில் தெரிந்தது. உரைபெயர்க்க என்னை உட்காரவைத்தார்கள். தலைவர் கேள்வி கேட்பார், நான் அதைப் பிரெஞ்சில் அமைச்சருக்குச் சொல்வேன், அமைச்சர் ஆலோசகரின் முகத்தைப் பார்ப்பார், ஆலோசகர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். அமைச்சர் வாய் திறந்தது இரண்டு மூன்று முறைதான். சுவரில் அவருடைய நாட்டின் வரைபடம் இருந்தது. சில மாவட்டங்கள் சிவப்பு. அங்கேதான் அந்தப் பாய் வாசகத்தைக் கூடுதலாகப் பரப்ப வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துப் பெண்பிள்ளை ஒருத்தி மடிக்கணினியைக் காட்டி விளக்கினாள். அவள் அந்த நாட்டுக்கு ஒரு தரமும் போனவள் இல்லை. கடைசியில் தலைவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "எங்கள் அரசாங்கங்களும் அங்கே ஸ்திரமான ஆட்சியைத்தான் விரும்புகின்றன."

லிஃப்டுக்கு அமைச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு மூடியதும் பெருமூச்சு விட்டு, பிரெஞ்சில், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: "அந்தச் சிவப்பிலை ஒண்டு நான் பிறந்த இடம். அதைப் பற்றி எனக்கு அந்தப் பிள்ளை படிப்பிக்குது." பிறகு, மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க நல்ல கடை எது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே வீட்டுக்குப் போகும் ரயிலில் ஏறி, ஸ்ட்ராட்ஃபோர்டில் காரணமில்லாமல் இறங்கி மிச்சத்தை நடப்பேன். சமைக்கும்போது அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்குப் போய்வருவேன். ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பின்பக்கத் தோட்டத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அங்காலே பக்கத்து வீட்டுப் பெண்மணி போனோடு நின்றார்.

"இதைக் கேளும். ஊரிலை எல்லாற்றை போனுக்கும் வருதாம்" என்று வேலிக்கு மேலால் நீட்டினார்.

மேளச் சத்தத்தோடு ஒரு பாட்டு. நல்ல துள்ளலான பாட்டு. பல்லவியில் அந்த வாசகம். பாயைச் சுருட்டுங்கோ, விருந்து முடிஞ்சுது. கையில் பிடித்திருந்த ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்களைத்தான் சொல்லுகினம்" என்றார். அவருடைய குடும்பம் உள்நாட்டிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதுவரை நான் அதை அந்தப் பாய் வாசகத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. "என்ரை தம்பி அங்கை டயர்க் கடை வைச்சிருக்கிறான். போன கிழமையிலையிருந்து ஒவ்வொரு நாளும் கடை திறக்கேக்கை வாசலிலை ஒரு பாய் சுருட்டி வைச்சிருக்காம். ஆர் வைக்கினம் எண்டு தெரியாது. அவன் பிறந்ததே அந்தத் தெருவிலை. என்ரை அப்பா சுதந்திரக் கொடி ஏத்தேக்கை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலை நிண்டு பாட்டுப் பாடினவர்."

"ஆர் உதைச் செய்யுறது?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பதிலையே கேட்டேன்.

"ஆர் செய்தாலும் உது எங்கட நாட்டு ஆக்கள் தாங்களா யோசிச்சது இல்லை. ஒவ்வொரு ஜனாதிபதிக்கும் பின்னாலை ஒரு வெள்ளைக்காரன் கதிரை போட்டு இருக்கிறவன்தானே. ஆனால் இந்தப் பாய்க் கதை வெள்ளைக்காரனுக்கு எப்பிடித் தெரியும்? ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம்."

சட்டையைப் பிழிந்தேன். அதில் சொட்ட மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

அன்று மத்தியானம் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"நீரோ அந்தச் சொல்லைக் கண்டுபிடிச்சனீர்? அந்த மீன்காரியெல்லோ சொன்னது. நீர் மொழிபெயர்த்தனீர், அவ்வளவுதான்."

"மொழிபெயர்த்ததோடை நிக்கேல்லையப்பா. எங்கை குத்தினால் நோகும் எண்டு காட்டிக் குடுத்தனான்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். எங்கள் இருவருக்கும் வீடுகளின் பட்டியலோடு வாசலுக்கு வருபவர்களைத் தெரியும். எண்பத்துமூன்று கலவரத்தின்போது கொழும்பில் நான் ஏழு வயதில் அலுமாரிக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.  அவர் கை கழுவிவிட்டு வந்து, "வேலையை விடும்" என்றார். பிறகு, "விட்டாப்போலை பாட்டு நிக்கப்போறதில்லை" என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை தலைவரின் அறைக்குப் போனேன். துறைமுக நகரத்தில் கடை வாசல்களில் பாய்களை வைக்கிறார்கள் என்று சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை.

அவர் உண்மையாகவே திடுக்கிட்டார் என்றுதான் நினைக்கிறேன். "நாங்கள் பாய் வைப்பதில்லை. செய்தி மட்டும்தான் தயாரிக்கிறோம்" என்றார்.

"அந்தச் செய்தியைத்தானே அவர்கள் வாசலில் வைக்கிறார்கள்."

"இந்தச் சொல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. நாங்கள் கேட்டோம். அவ்வளவுதான். நாங்கள் செய்யாவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு அலுவலகம் மற்றக் கட்சிக்குச் செய்யும்."

"அவர்கள் சிரித்தார்கள். அதையும் எழுதித்தானே தந்தேன். மற்றப் பெண் சொன்ன பதிலையும் எழுதினேன். அதை ஏன் எடுத்துவிட்டீர்கள்?"

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. ஒரு வாசகத்தில் சிரிப்பை எப்படிப் போடுவது என்று யோசிக்கிறவர்போல் என்னைப் பார்த்தார். பிறகு, களைத்துப் போயிருப்பீர்கள், இரண்டு நாள் ஓய்வெடுங்கள் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசை. அப்படி இல்லை. இன்னும் எட்டு நாள் போனேன். தொடங்கிய பதிவுகளை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்த எட்டு நாளும் வீட்டுக்குப் போகும்போது தெருவின் மற்றப் பக்கத்தால் நடந்தேன். ஒன்பதாவது நாள் ஃபாரஸ்ட் கேட் ஸ்டேசன் வாசலில் நின்று, ரயில் வந்து போகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளியில் சப்பாத்து நனையச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். அவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து யூனிஃபோர்ம் மாற்றாமல் நின்றார்.

குசினிக் கதிரையில் இருக்கச் சொன்னார். இருக்க முடியாமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்போன், மீன்காரி, வெள்ளைப் பலகை, அமைச்சர், பிஸ்கட் உட்பட.

 அவர் தேநீருக்கு வைத்த கேத்தில் நான் முடிக்கும்போது கொதித்து நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அவர் ஒரு பழைய கடித உறையையும் பேனையையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எந்த எந்த இடம் சிவப்பு?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கும் அவருக்கும் இடையில் அதுதான் முதல் ஆங்கில வசனம்.

மாவட்டங்களை எழுதினேன். நகரத்துக்குள் எந்தப் பகுதிகள் என்றும் நினைவுக்கு வந்த அளவில் எழுதினேன். தம்பியின் தெரு அதில் இருந்தது. அவர் எனக்கு முன்னாலேயே தம்பிக்குப் போன் எடுத்தார். தங்கள் சொந்தப் பாசையில் கதைத்தார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. பிறகு கதவைத் திறந்துவிட்டார். நான் வெளியே வந்தேன்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னர் தம்பி, மனைவி பிள்ளைகளோடு உள்நாட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தேர்தல் அன்றும் மறுநாளும் அந்தத் தெருவில் கடைகள் உடைக்கப்பட்டன. டயர்க் கடையை எரித்தார்கள். டயர் என்பதால் இரண்டு நாள் எரிந்ததாம். ஆட்கள் இல்லாத கடை என்பதால் அங்கே உயிர் போகவில்லை. மற்றக் கடைகளில் எல்லோரும் அப்படித் தப்பவில்லை. ஆளுங்கட்சி வென்றது. ஐரோப்பாவிலிருந்து போன பார்வையாளர்கள் சில இடங்களைத் தவிர வாக்களிப்பு அமைதியாக நடந்தது என்றார்கள். துறைமுகம் அந்த ஆலோசகரின் நிறுவனத்துக்குப் போனதைப் பற்றி லண்டன் பத்திரிகை ஒன்றில் நாலு வரிச் செய்தி வந்தது.

நான் திரும்பவும் பள்ளிக்கூடக் கன்டீனுக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி தெருவில் கண்டால் தலையை அசைப்பார். கிரீன் ஸ்ட்ரீட்டுக்குத் தனியாகப் போனார். ஏஜென்சி ஒருநாள் போன் எடுத்து, வேறொரு நாடு, இதே மாதிரி வேலை, வருவீர்களா என்று கேட்டது. "ஏலாது" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவளுக்கு விளங்கியிருக்காது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்மணி என் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. கையில் ஒரு சின்ன மெமரி ஸ்டிக்.

"கடை எரிஞ்ச பதின்மூண்டு பேர் சொன்னது இதிலை இருக்கு. தம்பியின்ரையும் இருக்கு. இஞ்சை ஒரு லோயர் அந்த ஒஃபிசுக்கு எதிரா கேஸ் போடலாமோ எண்டு பார்க்கிறா. நீங்கள் இங்கிலீசிலை எழுதித் தரவேணும். எங்கட கதையை விளங்கி எழுதக்கூடிய ஆள் எனக்கு வேறை ஆரும் இல்லை."

பிரெஞ்சில் சொன்னார். ஆனால் 'நீர்' என்று அல்ல, 'நீங்கள்' என்று. அவர் முகத்தில் மன்னித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. "செய்து தாறன்" என்றேன்.

சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டேன். கணவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தப் பக்கம் வராமல் இருந்தார். பெயர், தெரு, கடையில் என்ன இருந்தது, யாரைக் கண்டார்கள், யாரைக் கண்டதாகச் சொல்லப் பயப்படுகிறார்கள். எட்டுப் பேருடையதை முடித்துவிட்டேன். வழக்கு நிற்குமா என்று லோயருக்கே இன்னும் நிச்சயமில்லையாம். ஒரு நாள் பாதியில் எழும்பி, தேவையில்லாமல் எல்லா ஜன்னல்களையும் துடைத்தேன். பிறகு திரும்பவும் வந்து இருந்தேன்.

ஒன்பதாவது பதிவில் ஒரு தையல்காரர். தன் மெசின் எரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்று, சொந்தப் பாசையில் ஒரு சொல்லைச் சொன்னார். மூன்று தரம் திருப்பிப் போட்டுக் கேட்டேன். வசைச் சொல்லா, ஆளின் பெயரா, வெறும் பெருமூச்சா, ஒன்றும் பிடிபடவில்லை. ஊகித்து எழுதலாம். எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். ஹெட்போனைக் கழற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தச் சொல்லின் அர்த்தத்தைக் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.